மூன்றாம் நம்பர் கிடங்கு காலி

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், பாலாற்றை ஒட்டி, ராணுவத்துக்கு பூட்ஸ் வாங்கி அடுக்கி வைக்கும் கிடங்கு ஒன்று இருந்தது. ரகசிய இடம் என்பதால் அதற்குப் பெயர்ப் பலகை வைக்கவில்லை. அந்த ரோட்டில் பெயர்ப் பலகை இல்லாத ஒரே கட்டடம் அதுதான் என்பதால் யாரும் வழி தவறியதும் இல்லை. மாடு மேய்க்கிறவர்கள்கூட அந்த ரகசியத்தின் காம்பவுண்டு நிழலில்தான் மத்தியானம் படுத்துத் தூங்குவார்கள்.

அங்கே மூன்றாம் நம்பர் கிடங்குக்கு மேஸ்திரி தேவசகாயம். அதற்கு முன்னால் பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் தோலைப் பார்த்துப் பாஸ் பண்ணிக்கொண்டிருந்தவர். சர்க்கார் உத்தியோகம் என்றால் நிலையானது என்று யாரோ சொன்னதைக் கேட்டு இங்கே வந்தார். உத்தியோகம் நிலையாகத்தான் இருந்தது. சுற்றியிருந்த மற்றதெல்லாம்தான் ஆடியது.

தோல் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. தோல் சுண்ணாம்புக் குழியில் கிடக்கும், ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறும், வெயிலில் காயும். அதன்மேல் மையால் எழுதினால் கரைந்துபோகும், சுண்ணக்கட்டியால் எழுதினால் அழிந்துபோகும். ஆகவே, "இதை நான் பார்த்தேன், சரக்கு சரியாக இருக்கிறது" என்று சொல்ல, மேஸ்திரி ஓரத்தில் குறட்டால் ஓர் ஓட்டை போடுவார். ஒவ்வொரு மேஸ்திரிக்கும் ஓட்டை வைக்க ஓர் இடம். தேவசகாயத்தின் இடம் வலதுபக்கக் கீழ்மூலை. கையெழுத்துப் போடத் தெரியாதவர் அல்ல அவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவர். ஆனால் கையெழுத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. கையெழுத்தை எவன் வேண்டுமானாலும் போட்டுவிட்டு நான் போடவில்லை என்பான், ஓட்டை பொய் சொல்லாது என்பார்.

அவருடைய கிடங்கில் இருந்தது பனிமலை பூட்ஸ். வடக்கே சீனாக்காரனோடு நடந்த சண்டை முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சண்டையில் கான்வாஸ் செருப்போடு பனியில் நின்றவர்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். தேவசகாயத்தின் ஒரே மகன் சாமுவேல் இப்போது அந்த மலையில்தான் காவலுக்கு நின்றான். அவன் இருந்த பட்டாளத்துக் கம்பெனிக்குப் போகவேண்டிய பூட்ஸும் அப்பன் கையில்தான் இருந்தது. அந்த மூட்டைகளை மட்டும் அவர் இரண்டாம் முறை பிரித்து, தையலை நகத்தால் நெருடிப் பார்த்துக் கட்டிவைத்திருந்தார். யார்தான் பார்க்கமாட்டார்கள்?

முன்பெல்லாம் உத்தரவு டெலிபோனில் வரும். வடக்கேயிருந்து ஒருத்தர் காது கிழியக் கத்துவார். இங்கே ஒருத்தர் சரி சரி என்பார். தேவசகாயம் லாரியில் ஏற்றுவார். பாதி சமயம் தப்பாகப் போகும், மறுபடி கத்துவார்கள், சரியாகப் போகும். இந்த நிலையில்தான் மேஜர் அரங்கநாதன் புதிய மிஷினோடு வந்து இறங்கினார்.

அட்டையில் ஓட்டை போட்டுக் கணக்கை அதன் வாயில் கொடுத்தால், கடகடவென்று தின்று பதிலைத் துப்பும் மிஷின் அது. அதற்கு உடம்பு சூடு ஆகாது என்பதால் குளிர் ரூம் கட்டினார்கள். ஆம்பூர் வெயிலில் தோலோடு தோலாகக் காயும் ஜனங்கள் மத்தியில் அது ஒன்றுதான் கம்பளி போர்த்தாத குறையாக வாழ்ந்தது. அது ஓடும்போது சுற்றுப்பட்டில் விளக்கெல்லாம் மங்கும். மங்கினால், நாடு பாதுகாக்கப்படுகிறது என்று ஜனங்கள் தெரிந்துகொண்டார்கள்.

திறப்பு விழாவில் மேஜர் பேசினார்.

"இதுவரைக்கும் நம்ம ராணுவம் எப்படி நடந்தது? மேல இருக்கறவன் உத்தரவு போடுவான். நடுவுல இருக்கறவன் அதைப் புரிஞ்சுக்குவான். கீழ இருக்கறவன் செய்வான். இதுல ஆபத்து எங்க இருக்கு? நடுவுல! புரிஞ்சுக்கற இடத்துலதான் தப்பு நுழையுது. இந்த மிஷின் எதையும் புரிஞ்சுக்காது. அதனால தப்பே பண்ணாது. இன்னிலேருந்து நானும் எதையும் புரிஞ்சுக்கறதா இல்ல!"

எல்லோரும் கைதட்டினார்கள். மேஜர் சொன்ன வாக்கைக் கடைசிவரை காப்பாற்றினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பூட்ஸ் ஏற்றிவரும் லாரியின் டிரைவர் சர்தார் பாஷா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இன்னா மேஸ்திரி, நம்ம தோல் ஷாப்பு வேலைதான இது? தோலுக்குப் பதிலா அட்டை. இதுக்கா இம்மாம் பெரிய பேஜாரு?"

"நமக்கு இன்னா தெரியும் பாய்," என்றார் தேவசகாயம். ஆனால் உள்ளுக்குள் அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. அங்கேதான் வினை பிறந்தது.

மறுநாள் மூன்றாம் நம்பர் கிடங்குக்கு அட்டைகள் வந்தன. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் அட்டை. சரக்கு கிடங்கில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பி அனுப்பவேண்டும், அவ்வளவுதான். தேவசகாயம் ஒவ்வொரு மூட்டையாகத் தட்டிப் பார்த்தார். சரக்கு இருந்தது, சரியாகவும் இருந்தது. பார்த்ததற்கு அடையாளம் வைக்காமல் அனுப்பினால் தூக்கம் வராது அவருக்கு. குறட்டை எடுத்தார். வலதுபக்கக் கீழ்மூலையில் அழகாக ஓர் ஓட்டை. மகனுடைய கம்பெனி அட்டைக்கு வந்தபோது சிலுவைக்குறி போட்டுவிட்டு அமுக்கினார்.

மிஷினின் பாஷையில் அந்த இடத்து ஓட்டைக்கு, "சரக்கு போய்ச் சேர்ந்தது, சிப்பாய்கள் போட்டுக்கொண்டார்கள்" என்று அர்த்தம்.

அடுத்த வாரம் மேஜர் பரிவாரத்தோடு மூன்றாம் நம்பர் கிடங்குக்கு வந்தார். கதவு திறந்திருந்தது. கூரைவரைக்கும் மூட்டைகள். புதுத் தோல் வாசனை வாசலைத் தாண்டி அடித்தது.

"காலி," என்றார் மேஜர்.

தேவசகாயம் திரும்பிப் பார்த்தார். தனக்குப் பின்னால் வேறு ஏதாவது கிடங்கு இருக்கிறதோ என்று அவருக்குச் சந்தேகம்.

"சார், பூட்ஸ் இருக்குதுங்களே."

"யார் சொன்னது?"

"கண்ணு சார். கண்ணால பாக்கறேன்."

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய்னு நம்ம பெரியவங்களே சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு இருந்த குறை மிஷின் இல்லாததுதான். வடக்கே தலைமைக்குச் சேதி போயாச்சு. மூணாம் நம்பர் காலி."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பூசணிக்காயே இல்லை என்று பூசணிக்காயின் மேல் கைவைத்துச் சொன்னவர் மேஜர்தான். பேசும்போது ஒரு மூட்டையின்மேல்தான் சாய்ந்துகொண்டிருந்தார்.

காலிக் கிடங்குக்குப் பூட்டு எதற்கு? பூட்டைக் கழற்றினார்கள். காவல் எதற்கு? காவல்காரனை முன்கேட்டுக்கு மாற்றினார்கள். காலியாக இருக்கும்போதே கூட்டிப் பெருக்கிவிட உத்தரவு வந்தது. பெருக்க வந்தவளால் மூட்டைகளைத் தாண்டி ஒரு முழம்கூட உள்ளே போக முடியவில்லை. வாசலில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, "கூட்டியாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு உலகம் தெரிந்திருந்தது.

காலியான கிடங்கை நிரப்பும்படி மிஷின் புதிய பூட்ஸுக்கு ஆர்டர் போட்டது. சர்தார் பாஷா லோடு கொண்டுவந்தான். இறக்க இடமில்லை.

"மூணாம் நம்பர்ல இறக்கு," என்றார் மேஜர்.

"எடம் இல்ல சாப். கால் வைக்க எடம் இல்ல."

"காலியா இருக்கற கிடங்குல இடம் இல்லைன்னு சொல்ற ஆளை இப்பதான் பாக்கறேன். இறக்கறவரைக்கும் தினம் கொண்டுவா."

அவனும் தினம் கொண்டுவந்தான். காலையில் லோடோடு உள்ளே வருவான், சாயங்காலம் அதே லோடோடு வெளியே போவான். கேட்டில் நின்றவர்களுக்கு அது பழகிப்போயிற்று.

மிஷின் ரூமில் வேலை பார்த்த பரந்தாமன் குடியாத்தத்துப் பையன். தறி வேலைக்குப் போகமாட்டேன் என்று பி.ஏ. படித்துவிட்டு வந்தவன். ஒரு நாள் மிஷின், பரந்தாமன் லீவில் இருக்கிறான் என்றது. அந்தப் பதிலை மிஷினிலிருந்து கிழித்து எடுத்துக்கொடுத்ததே பரந்தாமன்தான். மேஜர் அதைப் படித்துவிட்டு அவனிடமே, "பரந்தாமன் எப்ப வருவான்?" என்று கேட்டார். "நாளைக்கு வந்துடுவான் சார்," என்றான் பரந்தாமன். புத்திசாலிப் பையன், பிழைத்துக்கொண்டான்.

தேவசகாயத்துக்கு அந்த சாமர்த்தியம் வரவில்லை. காலி என்று சொல்லப்பட்ட கிடங்கின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மணிக்கொரு தரம் எழுந்து போய் மூட்டையைத் தொட்டுப் பார்ப்பார். வீட்டில் அன்னம்மாள் சாப்பாடு போட்டால், சோற்றைக் கையால் அளைந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். எது இருக்கிறது, எது இல்லை என்று அவருக்கே சந்தேகம் தட்டிவிட்டது. சந்தேகம் ஒட்டுவாரொட்டி. டீக்கடையில் ஜனங்கள் கிளாஸை வாங்கியதும் டீ இருக்கிறதா என்று குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

இப்படி இருக்கையில் ராமலிங்கம் வந்தான். சாமுவேலோடு அதே கம்பெனியில் இருப்பவன், காவேரிப்பாக்கத்துப் பிள்ளை. தங்கச்சி கல்யாணத்துக்கு லீவில் வந்தவன், சினேகிதன் வீட்டில் தலையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தான். பாதத்தை அகட்டி அகட்டி வைத்து நடந்தான். அன்னம்மாள் அதைத்தான் முதலில் பார்த்தாள்.

"காலுல இன்னாப்பா?"

"பனி வெடிப்பு ஆயா... ஆறிடும்." பெற்றவளைக் கூப்பிடுகிற மாதிரி அவளை ஆயா என்று கூப்பிட்டுவிட்ட வெட்கத்தில் அவன் கொஞ்சம் சிரித்தான். அப்புறம் தேவசகாயத்தைப் பார்த்துச் சொன்னான். "பூட்ஸு வரல மேஸ்திரி. கேட்டு அனுப்பினோம். ‘உங்களுக்கு வந்து சேந்தாச்சு, போட்டுக்கினாச்சு’ன்னு பதில் வந்திச்சு. எங்க கேப்டன் மறுபடி கேட்டாரு. ‘வந்த பூட்ஸை யாருக்கு வித்தீங்க’ன்னு திருப்பிக் கேக்கறாங்க. இப்ப எங்க கம்பெனி மேலயே சந்தேகம். எதிரிக்கு பூட்ஸ் வித்த கேஸுன்னு விசாரணை வரப்போவுதாம்."

"சாமுவேலு?"

"கால்ல கோணி சுத்திக்கினு காவலுக்கு நிக்கறான். ஈரமாச்சுன்னா கோணி கல்லாட்டம் ஆயிடுது. இன்னும் பெரும்பனி ஆரம்பிக்கல."

அன்னம்மாள் புருஷனைப் பார்த்தாள். "ஏங்க, ஊரு பூட்ஸெல்லாம் உங்க கையிலதான இருக்குதுன்னு சொன்னீங்க? எம் புள்ள காலுல கோணியா?"

மறுநாள் தேவசகாயம் நேராகப் பரந்தாமனிடம் போய், எந்த ஓட்டைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அவன் ஓர் அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். வலதுபக்கக் கீழ்மூலைக்கு வந்ததும் அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத அடச்சிட முடியாதாப்பா?"

"எந்த ஓட்டைய வேணும்னாலும் போடலாம் மேஸ்திரி. போட்ட ஓட்டைய மிஷின் மறக்காது. அடைச்சா, அடைச்சவன் யாருன்னு கேக்கும்."

தப்பு செய்தவன் ஒத்துக்கொள்ளவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயிலில் கேட்டு வளர்ந்த மனுஷன் அவர். மேஜரின் குளிர் ரூமுக்குள் போய், தோல் ஷாப்பு வழக்கத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். அடையாளத்துக்கு ஓட்டை போட்டது தான்தான் என்றார். பூட்ஸ் அப்படியே இருக்கிறது, இன்றைக்கே ஏற்றினால் பெரும்பனிக்குள் போய்ச் சேர்ந்துவிடும், பிள்ளைகள் மேல் பழி வேண்டாம் என்று கும்பிட்டார்.

மேஜர் நிதானமாகக் கேட்டார். கேட்டுவிட்டுப் பேசினார்.

"மேஸ்திரி, நல்லா யோசிச்சுப் பாரு. உன் கையில இருக்கற குறட்டால ஒரு ஓட்டை போட்டா ஒரு கம்பெனிக்கே பூட்ஸ் போய்ச் சேர்ந்துடும்னா, இந்த மிஷின் எதுக்கு? மிஷின் எதுக்குன்னு ஒரு கேள்வி வந்தா, மேஜர் எதுக்குன்னு அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வியை நான் இந்தக் காம்பவுண்டுக்குள்ள விடமாட்டேன். நாட்டோட பாதுகாப்பு பாரு. அதனால நீ ஓட்டை போடல."

"போட்டேன் சார்."

"போடல. இது உத்தரவு."

தேவசகாயம் நின்றுகொண்டே இருந்தார். மேஜரின் கண் சுருங்கியது.

"தன் தப்பைத் தானே வந்து ஒத்துக்கறவனை என் சர்வீஸ்ல நான் பாத்ததே இல்ல. எனக்குக் கீழயும் பாக்கல, மேலயும் பாக்கல. இதுல ஏதோ சூது இருக்கு. உண்மையைச் சொல்லு, உன்னை அனுப்பினது யாரு?"

"எம் பொஞ்சாதிங்க."

"அவளுக்குப் பின்னால யாரு?"

"அவ பின்னால யாரும் இல்ல சார். நான்தான் அவ பின்னால."

மேஜர் அதைக் குறித்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து சுப்பராயன் என்ற ஆள் தேவசகாயத்தைப் பின்தொடர ஆரம்பித்தான். மப்டியில் வந்த வேவுக்காரன். ஊரில் எல்லோரும் லுங்கியும் வேட்டியுமாகத் திரிய, அவன் மட்டும் இஸ்திரி போட்ட பேண்ட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக ஆவாரஞ்செடிக்குப் பின்னால் நின்றான். இரண்டு நாள் பார்த்துவிட்டு அன்னம்மாள் அவனுக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொடுத்தாள். வெயிலில் நிற்கிற பிள்ளை, யார் பெற்றதோ.

தேவசகாயம் யோசித்தார். தோல் ஷாப்பு மூளைக்கு ஒரு யோசனைதான் வந்தது. அதை சர்தார் பாஷாவிடம் சொன்னார்.

"பாய், கிடங்கு காலி. அது சர்க்கார் சொன்னது, இல்லியா?"

"ஆமா."

"காலிக் கிடங்குலருந்து எவனாச்சும் இன்னாத்தையாச்சும் திருட முடியுமா?"

சர்தார் பாஷா மேஸ்திரியின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். "நீ இன்னா சாதாரண ஆளா மேஸ்திரி! லாரி உன்னுது. எடு."

லீவு முடிந்து போகும் ராமலிங்கம் அரக்கோணத்தில் பட்டாளத்து ஸ்பெஷல் ரயில் ஏறவேண்டும். அவனோடு மூட்டைகளை ஏற்றிவிட்டால், சிப்பாய் கூடவே போகும் சரக்கை வழியில் யாரும் கேட்கமாட்டார்கள். அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். பட்டப்பகலில், சாப்பாட்டு மணி அடித்ததும், சாமுவேலின் கம்பெனி மூட்டைகளை வெளியே இழுத்து, அன்று லோடு இல்லாமல் வந்திருந்த லாரியில் ஏற்ற ஆரம்பித்தார்கள். தேவசகாயம் இத்தனை வருஷத்தில் சர்க்கார் சாமானில் ஓர் ஆணிகூட எடுத்தவரில்லை.

சுப்பராயன் செடிக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்தான். கிழவர் தூக்கமுடியாமல் தடுமாறுவதையும் பார்த்தான். பொறுக்கமுடியாமல் வந்து மூட்டையின் மறுமுனையைப் பிடித்தான்.

"தம்பி, உனக்கு எதனா தொந்தரவு வரப்போவுது," என்றார் தேவசகாயம்.

"நீங்க யாரைப் பாக்கறீங்க, இன்னா பேசறீங்கன்னுதான் எழுதச் சொல்லியிருக்காங்க. இன்னா தூக்கறீங்கன்னு எழுதச் சொல்லல. புடிங்க, தூக்குங்க."

கேட்டில் காவல்காரன் லாரியை நிறுத்தினான். "எந்தக் கிடங்கு சரக்கு?"

தேவசகாயத்துக்குப் பொய் வராது. "மூணாம் நம்பர்லருந்து எடுத்தம்பா," என்றார்.

காவல்காரன் சிரித்தான். "அது காலியாச்சே மேஸ்திரி! போ, போ, வெயில்ல வெளாடாத."

அரக்கோணத்தில் ரயில் நகர்ந்தபோது ராமலிங்கம் மூட்டைகளின் மேலேயே உட்கார்ந்து கையாட்டினான். தேவசகாயம் பிளாட்பாரத்தில் நின்று அழுதார். சர்தார் பாஷா, "ஏன்யா அழுவற, ஜெயிச்சிட்டம்யா," என்று சொல்லிவிட்டு அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அதன்பிறகு வீட்டில் சோறு சோறாகவே இருந்தது. தேவசகாயம் அளைந்து பார்க்காமல் சாப்பிட்டார். மழை வரும்போதெல்லாம் அன்னம்மாள், "அங்க இப்ப பனி கொட்டும் இல்ல?" என்பாள். "கொட்டட்டுமே, நம்ம பூட்ஸுக்குள்ள ஒரு சொட்டு எறங்காது," என்பார் அவர். ஆனால் கடிதம் எதுவும் வரவில்லை. மலைக்குப் போகும் வழி மூடிவிட்டது என்றார்கள். நிஜமாகவே மூடிவிட்டதா, மிஷின் மூடிவிட்டதாகச் சொல்கிறதா என்று மட்டும் அவருக்கு அவ்வப்போது சந்தேகம் வரும்.

பனிக்காலம் முடியும் தறுவாயில் கிடங்கில் ஒரு விழா நடந்தது. எதிரியின் பெரிய சதி ஒன்றை மிஷின் கண்டுபிடித்து முறியடித்துவிட்டதாம். அதற்காக மேஜர் அரங்கநாதனுக்கு ஒருபடி மேலே பதவி வந்திருந்தது. என்ன சதி என்று சொல்லக்கூடாது, ரகசியம். எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள்.

புதிய பதவியில் அவர் பேசினார். "பழைய ராணுவமா இருந்தா என்ன ஆகியிருக்கும்? மலை மேல இருக்கற ஒரு கேப்டன் தன் கண்ணால பாத்து, தன் புத்தியால யோசிச்சு, தானே ஒரு முடிவு எடுத்திருப்பான். நினைச்சாலே நடுங்குது! நல்லவேளை, அவன் நம்மளக் கேட்டான். நாம மிஷினைக் கேட்டோம். மலையே பாக்காத மிஷின் மலையில நடக்கறதைச் சொல்லிடுச்சு. நானும் அந்த மலையைப் பாத்ததில்ல. பாக்கற உத்தேசமும் இல்ல. பாத்தா மனசு இளகிடும், முடிவு கெட்டுடும்!"

தேவசகாயமும் மற்றவர்களோடு கைதட்டினார். பாதி லட்டைக் காகிதத்தில் மடித்து அன்னம்மாளுக்கு எடுத்துப் போனார்.

கோடை வெயில் ஏறிய பிறகு சாமுவேல் வந்தான். பஸ்ஸிலிருந்து அவன் இறங்கும்போது தேவசகாயம் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். ரப்பர் செருப்பு போட்டிருந்தான். இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. வலது கால் துணிச் சுற்றுக்குள் இருந்தது. அவர் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மகனுக்குச் சமமாக மெல்ல நடந்தார்.

அன்னம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அடுப்பில் வெந்நீர் வைத்தாள். பெரிய பாத்திரத்தில் விளாவி, மகன் காலை எடுத்து அதில் வைத்தாள். சாமுவேல் கண்ணை மூடிக்கொண்டான்.

"பூட்ஸு வரலயாடா?" என்று தேவசகாயம் கேட்டார். "ராமலிங்கம் கொண்டாந்து குடுக்கலயா?"

"வந்துதுப்பா. பத்திரமா கொண்டாந்தான். நீ கட்டின கட்டுன்னு முடிச்சப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. பசங்கள்லாம் கூத்தாடினானுங்க. ரெண்டு பேரு போட்டுக்கூட பாத்துட்டானுங்க."

"அப்பால?"

"எங்க கேப்டன் நல்ல மனுசன்ப்பா. முன்ன மாதிரி இருந்தா அவரே குடுத்துடுவாரு. இப்ப எதுன்னாலும் ஒயர்லெஸ்ல கேட்டுத்தான் ஆவணும். மூட்டையோட அட்டை ஒண்ணும் வரலியேன்னு கேட்டாரு. ‘உங்க பூட்ஸ் உங்களுக்கு முன்னயே வந்தாச்சு. இது உங்க பூட்ஸ் இல்ல. அட்டை இல்லாம வந்தா அது எதிரி அனுப்பினது, உள்ள விஷமோ வெடியோ இருக்கும்’னு பதிலு வந்திச்சு. மூணு வாட்டி கேட்டாரு. மூணு வாட்டியும் அதே பதிலு. கடைசியில, ஒடனே எரின்னு உத்தரவு."

"எரிச்சீங்களா?"

"உத்தரவாச்சேப்பா. கேப்டன் அந்தப் பக்கம் திரும்பிக்கினாரு. நாங்கதான் எரிச்சோம்."

"உங்க மேல இருந்த அந்தக் கேஸு?"

"அது போயிடுச்சு. எதிரி பூட்ஸை எரிச்ச கம்பெனி தன் பூட்ஸை விக்காதுன்னு மிஷின் சொல்லிச்சாம். கம்பெனிக்குப் பாராட்டுகூட வந்துது."

அன்னம்மாள் பாத்திரத்தில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினாள். சாமுவேல் காலை அசைக்காமல், அப்பாவைத் தேற்றவேண்டும் என்று நினைத்தோ என்னவோ, மெதுவாகச் சொன்னான்.

"ஒண்ணு சொல்லணும்ப்பா. நீ பாத்து அனுப்பின சரக்கு நல்ல சரக்கு. லேசுல தீ புடிக்கல. புடிச்சப்பறம் பொழுது சாயறவரைக்கும் நின்னு எரிஞ்சுது. சுத்தி உக்காந்து காலை நீட்டிக்கினோம். அந்தப் பனியில எங்க காலு சூடானது அன்னிக்கு ஒரு நாளுதான்."